வியர்வைக்குத் தாங்காத ஃபிட்னஸ் பேண்டுகள்

உடற்பயிற்சிக்கென்றே செய்து விற்கிற ஒரு பொருள் வியர்வை பட்டே கெட்டுப்போகிறது என்றால் அது என்ன பொருள்? அடியையும் இதயத் துடிப்பையும் எண்ணுவதற்கென்று மணிக்கட்டில் கட்டுகிற ஃபிட்னஸ் பேண்டைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் வாங்கியவற்றில் ஒன்றுகூடக் கீழே விழுந்து உடையவில்லை, யாரும் தொலைக்கவும் இல்லை. எல்லாமே கையில் கட்டியிருந்தபடியேதான் போயின. ஒன்றில் ஸ்ட்ராப் வந்து சேருகிற இடம் விரிசல் விட்டது, அந்த மாடலுக்கு ஸ்ட்ராப் வருவது நின்றுபோய்விட்டதால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கருவி மேஜை இழுப்பறைக்குள் போனது. இன்னொன்றின் அடியில் சார்ஜர் ஒட்டுகிற பித்தளைப் புள்ளிகள் இரண்டும் பச்சை பூத்து, என்ன தேய்த்தாலும் மின்சாரம் ஏறவில்லை. என் மனைவி கட்டியிருந்ததில் ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது, மறுநாள் திரை கறுத்துவிட்டது. சென்னையில் இருக்கும் தங்கை வீட்டில் இன்னும் மோசம், அங்கே வியர்வையோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்கிறது.

அந்த மழையில் போனதை வாரன்ட்டி இருக்கிறதே என்று சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனோம். "உள்ளே ஈரம் தெரியுதுங்க சார், இது வாரன்ட்டில வராது" என்றார்கள். பெட்டியில் 50 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால், அது ஆய்வுக்கூடத்தில் சோதித்ததாம். ஒரு விதத்தில் அவர்கள் சொன்னது உண்மைதான். 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐந்து மடங்கு) என்று போட்டிருந்தால், 50 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்கிற தண்ணீர் தருகிற அழுத்தத்தை அந்தக் கருவி தாங்கும் என்று பொருள். சோதிக்கும்போது கருவி புதிது, தண்ணீர் சுத்தமானது. வீட்டில் அது படுகிற பாடு வேறு. சோப்பு நுரை, வெந்நீர், துணி துவைக்கிற பவுடர், பாத்திரம் தேய்க்கிற லிக்விட், வெயிலில் சூடாகி ஏசி அறையில் சட்டென்று குளிர்வது. இதெல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்தையும் பசையையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். தண்ணீர் தாங்கும் தன்மை நாளாக ஆகக் குறையும் என்று தயாரிப்பாளர்களே பயனர் கையேட்டில் பொடி எழுத்தில் எழுதியும் வைக்கிறார்கள். குறையும் என்று தெரிந்தே விற்கிற ஒன்றை, ஓராண்டு வாரன்ட்டிக்குள் குறைந்தாலும் என் பொறுப்பில்லை என்று சொல்வது நியாயமே இல்லை.

பித்தளைப் புள்ளி பச்சை பூக்கிறதும் எதிர்பாராத விஷயம் இல்லை. உப்புள்ள ஈரம் இருக்கும்போதே சார்ஜரில் மாட்டினால் மின்சாரம் பாய்ந்து உலோகம் அரிக்கும், பள்ளிக்கூட வேதியியல் பாடம் இது. வாக்கிங் முடிந்து வந்ததும் கழற்றி அப்படியே சார்ஜில் போடுவதுதான் எல்லோருடைய வழக்கமும். இது வியர்வையில் நனையப்போகிற பொருள் என்று தெரிந்தவர்கள் அந்தப் புள்ளிகளை இன்னும் கெட்டியாகச் செய்திருக்க வேண்டும்.

கோவை டவுன்ஹால் பக்கத்தில் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் இருக்கிறார். பேட்டரி தளர்ந்துபோன ஒரு பேண்டை அவரிடம் கொண்டுபோனேன். மற்றபடி அதில் ஒரு குறையும் இல்லை, ஒரு வாரம் நின்ற சார்ஜ் ஒரே நாளில் தீர்ந்தது, அவ்வளவுதான். அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணா, பேட்டரி மட்டும் மாத்த முடியுமா?"

"திறந்துரலாமுங்க தம்பி, மூடத்தான் முடியாது. ஒரு திருகு கிடையாது பாருங்க, பூராப் பசை போட்டு ஒட்டியிருக்குது. சூடு காட்டித்தான் பிரிக்கோணும், திரை போனாலும் போயிரும். அப்படியே மாத்திக் குடுத்தாலும் ஒரு துளி தண்ணி பட்டா முடிஞ்சுது."

அவர் மேஜையில் அப்போது ஒரு பழைய எச்எம்டி திறந்து கிடந்தது. பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையின் வாட்சுகள். அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள், ஆனாலும் அவர் இன்றைக்கும் அதைக் கழுவி எண்ணெய் போட்டு ஓடவைத்துக் கொடுக்கிறார். பக்கத்திலேயே ஒரு கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989-ல் வந்த பிளாஸ்டிக் டிஜிட்டல் வாட்ச் அது. பின்னால் நாலு சின்னத் திருகு, உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி, ஏறக்குறைய ஏழு வருடம் ஓடும், தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் நேரம் மட்டும் காட்டுகிற வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட் செய்கிற வேலை வேறு என்று யாராவது சொல்லக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பழைய மாடல்களைப் பற்றித் தேடிப் படிக்கிற வரைக்கும்.

ஃபிட்பிட் நிறுவனம் 2012-ல் ஜிப் என்று ஒரு சின்னக் கருவியை விற்றது. பாக்கெட்டிலோ இடுப்பிலோ செருகிக்கொள்வது. சிஆர்2025 பொத்தான் பேட்டரியில் ஆறு மாதம் வரை ஓடும், தீர்ந்ததும் கடையில் சில்லறை கொடுத்து ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். 2013-ல் மிஸ்ஃபிட் நிறுவனத்தின் ஷைன் வந்தது. அலுமினியத்தில் ஒரு வில்லை, உள்ளே சிஆர்2032, நாலைந்து மாதம் ஓடும், கட்டிக்கொண்டு நீச்சலும் அடிக்கலாம். ஆக, தண்ணீர் புகாமலும் இருக்கலாம், பேட்டரியை நாமே மாற்றவும் செய்யலாம் என்பதைப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னாலேயே செய்து காட்டிவிட்டார்கள். அப்புறம் ஏன் கைவிட்டார்கள்?

வசதிகள்தான் காரணம். ஜிப்பும் ஷைனும் அடிகளை எண்ணின. அதற்குத் தேவை அசைவை உணர்கிற ஒரு சின்னச் சில்லு மட்டும்தான், அது மின்சாரத்தைத் துளித்துளியாகத்தான் குடிக்கும். அடுத்து வந்தவற்றில் வண்ணத் திரை வந்தது, நாள் முழுக்க இதயத் துடிப்பு பார்க்கப் பச்சை விளக்கு வந்தது, ரத்த ஆக்சிஜனுக்குச் சிவப்பு விளக்கு, ஜிபிஎஸ், போன் வந்தால் அதிர்வு, வாட்ஸ்அப் செய்தி என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. பொத்தான் பேட்டரி இதற்கெல்லாம் ஈடுகொடுக்காது, சார்ஜ் போடுகிற லித்தியம் பேட்டரி வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு கைபேசியில் 5000 எம்ஏஎச் இருக்கிறதென்றால் பேண்டுக்குள் இருப்பது நூறோ இருநூறோதான். சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கியதும் அந்த வகைப் பேட்டரியின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். சின்ன பேட்டரி என்பதால் அந்த இழப்பு சட்டென்று நமக்குத் தெரிகிறது. கருவியை மெல்லிசாகவும் ஆக்க வேண்டும், தண்ணீரும் புகக் கூடாது என்று எல்லாவற்றையும் பசை போட்டு மூடிவிடுகிறார்கள். பேட்டரியின் ஆயுள் எதுவோ அதுவே கருவியின் ஆயுளாகிவிடுகிறது. என் மனத்தாங்கல் இதில்தான். புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு வசதிக்கும் கருவியின் ஆயுளைத்தான் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள், அந்த விலையைப் பெட்டியில் எங்கேயும் எழுதுவதில்லை.

சரி, ஆயுளைக் கொடுத்து வாங்கிய வசதிகளாவது ஒழுங்காக வேலை செய்கின்றனவா?

அடிகளிலிருந்தே தொடங்குகிறேன். நான் நடப்பது கோவை ரேஸ்கோர்ஸில். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், நடக்கிற எல்லோருக்கும் தெரிந்த தூரம். ஜிபிஎஸ் இல்லாத பேண்ட் அதே சுற்றை ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் காட்டும். நம் உயரத்தை வைத்து ஒரு காலடியின் நீளத்தை ஊகித்து, அதை அடிக் கணக்கால் பெருக்குகிறது, அவ்வளவுதான். நடை வேகம் மாறினால் அந்த நீளமும் மாறும், அது அதற்குத் தெரியாது. குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டிப் போனால் உட்கார்ந்தபடியே நூற்றுக்கணக்கில் அடிகள் ஏறிவிடுகின்றன. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது, அம்மாவுக்கு அது போடுகிற கணக்கு. மணிக்கட்டில் கட்டுகிற கருவி கை வீசுவதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் அடியை எண்ணுகிறது. அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு நடக்கிறார், காய்கறிப் பையைத் தொங்கவிட்டபடி சந்தையிலிருந்து வருகிறார், பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் வாசலுக்கும் ஏறி இறங்குகிறார். பேண்ட் கட்டியிருக்கிற கை அசைவதே இல்லை. ராத்திரி பார்த்தால், நீங்கள் இன்று போதுமான அளவு நடக்கவில்லை, எழுந்து நடமாடுங்கள் என்று வருகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்காராமல் உழைத்த ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்கிற கருவியைச் செய்தவர்கள், இந்த மாதிரி வீடுகளில் அதைக் கட்டிப் பார்த்துச் சோதித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பத்தாயிரம் அடி இலக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கடிகார நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்கு வைத்த பெயரிலிருந்து வந்தது அது. மருத்துவ ஆராய்ச்சி எதிலிருந்தும் வந்த எண் இல்லை. 70 வயதுக்காரருக்கும் 25 வயதுக்காரருக்கும் ஒரே இலக்கை முதல் நாளே வைத்துக் கொடுக்கிறார்கள்.

இதயத் துடிப்பு ஓரளவு தேவலை. 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரிதான் அதலபாதாளம். இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறு, மோசமானது 93 சதவீதம். இவ்வளவு பிழையுள்ள ஒரு எண்ணை, 412 என்று கடைசி இலக்கம் வரை திரையில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, எரித்தாயிற்று என்று ஒரு மைசூர்பாகு கூடுதலாக எடுத்துக்கொள்கிற மனிதர்களை நான் ரேஸ்கோர்ஸ் பெஞ்சுகளில் தினமும் பார்க்கிறேன். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, தோல் கருமையாக இருப்பவர்களுக்குத் துடிப்புக் கணக்கில் பிழை கூடுகிறது. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவை உறிஞ்சியது, எவ்வளவு திரும்பி வந்தது என்று பார்த்துத்தான் இது துடிப்பை அளக்கிறது. தோலுக்கு நிறம் தருகிற மெலனினும் அந்தப் பச்சையை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊரில் பெரும்பாலோர் தோல் எந்த நிறம் என்பது தெரிந்ததுதான். இங்கே லட்சக்கணக்கில் விற்கிற பெட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

எடை குறைகிறதா என்று கேட்டால், 2016-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் நடந்தது. மேற்கையில் கருவி கட்டியிருந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கருவி இல்லாமல் வழக்கமான ஆலோசனைகளோடு தாங்களே கணக்கு எழுதி வைத்தவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். ஒரே ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். ஆனால் கட்டினாலே மெலிந்துவிடலாம் என்கிற விளம்பரத்துக்கு நேர் எதிரான முடிவு அது.

தூக்கக் கணக்கைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. அசையாமல் படுத்துப் புத்தகம் படித்தால் அது தூக்கம்.

இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்தார்கள். அப்போது ஆக்சிஜன் காட்டும் என்று சொல்லி மலிவு வாட்சுகளை ஆளாளுக்கு வாங்கினோம். அதில் சிலவற்றைத் தலையணை மேல் வைத்தாலும் 97, 98 என்று காட்டும். மூச்சுத் திணறுகிறவர் கையில் அது 97 காட்டினால் அந்த வீட்டில் என்ன முடிவெடுப்பார்கள் என்று நினைத்தாலே பதறுகிறது. இப்போது அதே வேலை சர்க்கரையில் நடக்கிறது. ஊசி குத்தாமல், ரத்தம் எடுக்காமல் சுகர் பார்க்கிற வாட்ச் என்று விளம்பரம் வருகிறது. என் சித்தப்பா இன்சுலின் போட்டுக்கொள்பவர், அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "இது வாங்கலாமாப்பா, விரல் குத்திக் குத்தி மரத்துப் போச்சு" என்று கேட்டார். அமெரிக்காவில் உணவு, மருந்துகளுக்கு அனுமதி தருகிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் தெளிவாகவே எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கிற எந்த ஸ்மார்ட்வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, அவற்றை நம்பி மருந்தின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து என்று. தோலில் ஊசியோடு ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சர்க்கரையை அளக்கிற சிஜிஎம் சென்சார் காட்டுகிற எண்ணைத் தன் திரையில் வாங்கிக் காட்டுகிற வாட்ச் வேறு, அது சரி. வாட்சே அளக்கிறது என்றால் நம்பவேண்டாம். உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர்களிடம் இதை மட்டுமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நீண்ட நாள் உழைக்காமல் போவது மலிவுக் கருவிகளோடு முடிகிற கதையும் இல்லை, பெரிய பெயர்களின் வரலாறு பூராவும் இதுதான். ஜாபோன் நிறுவனத்தின் 'அப்' என்கிற பேண்ட் 2011 நவம்பரில் வந்தது, அடுத்த மாதமே பழுதுப் புகார்கள் குவிந்து, கருவியைத் திருப்பித் தரவேண்டாம், பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனமே அறிவித்தது. ஃபிட்பிட் ஃபோர்ஸை 2014 தொடக்கத்தில் தோல் தடிப்புக்காகத் திரும்பப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் ஐயோனிக்கை 2022 மார்ச்சில் பேட்டரி சூடாகிக் கையைச் சுடுகிறது என்று திரும்பப் பெற்றார்கள், அமெரிக்காவில் மட்டும் விற்றிருந்தது சுமார் 10 லட்சம். இன்டெல் விலைக்கு வாங்கிய பேசிஸ் பீக்கும் 2016-ல் சூடாகிறது என்று திரும்பிப் போனது, அந்த வருடக் கடைசியில் சேவையையே மூடிவிட்டார்கள்.

இந்தச் சேவையை மூடுகிற விஷயம் உடைவதைவிடக் கொடுமை. கருவி கையில் நன்றாகத்தான் இருக்கும், அது பேசுவதற்கு எதிர்முனை இருக்காது. நைக்கி ஃபியூவல்பேண்டுக்கான சேவை 2018 ஏப்ரலோடு நின்றது. மைக்ரோசாஃப்ட் பேண்டின் சேவை 2019 மே 31-ல் முடிந்தது. ஒருவர் வருடக்கணக்காக நடந்த நடையின் பதிவு எங்கோ ஒரு சர்வரில் கிடந்து, ஒரு தேதியில் அழிந்துபோகிறது. 2020 ஜூலையில், இந்த மாதிரி வாட்சுகள் செய்கிற கார்மின் நிறுவனத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தபோது, உலகம் முழுக்க ஓடுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் தங்கள் பதிவைப் பல நாள் பார்க்க முடியாமல் இருந்தார்கள். என் கால், என் நடை, அதன் கணக்கு என் கைபேசியிலேயே ஒரு கோப்பாக இருந்தால் என்ன?

எனக்கு வேண்டிய பேண்ட் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் நீளம் இல்லை. அடியை எண்ணட்டும், ஓய்வில் இருக்கும்போது துடிப்பைச் சொல்லட்டும், நேரம் காட்டட்டும். ஸ்ட்ராப் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கிற 18 அல்லது 20 மில்லிமீட்டர் அளவில், சாதாரண ஸ்பிரிங் பின்னோடு இருக்கட்டும். பின்மூடியில் திருகு இருக்கட்டும், பேட்டரியை டவுன்ஹால் அண்ணாவே மாற்றித் தரட்டும். இதற்காக ஒரு மில்லிமீட்டர் தடிமன் கூடினால் எனக்குக் கவலையே இல்லை. கலோரியும், மன அழுத்த மதிப்பெண்ணும், நூற்றுக்கணக்கான விளையாட்டுகளின் பட்டியலும் வேண்டாம். இப்படி ஒன்று வந்தால் இப்போதைய விலையைப்போல இரண்டு மடங்கு கொடுத்தும் வாங்குவேன், ஏனென்றால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு தடவை வாங்கிக்கொண்டிருப்பதைவிட அது லாபம்.

அது வரும்வரை பாக்கெட்டில் இருக்கிற கைபேசியே போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். 2015-ல் ஜாமாவில் வந்த ஒரு சின்ன ஆய்வில் கைபேசிச் செயலிகளின் அடிக் கணக்கு உண்மையிலிருந்து 7 சதவீதத்துக்குள்தான் விலகியது, கையில் கட்டும் ஒரு கருவியோ 20 சதவீதத்துக்கும் மேல் குறைத்து எண்ணியது. துடிப்பைக் கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணலாம், அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

ஏற்கனவே பேண்ட் வைத்திருப்பவர்கள், கழற்றியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அப்புறம் சார்ஜில் போடுங்கள். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள், பெட்டியில் எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும். பில்லையும் பெட்டியையும் தூக்கிப்போட வேண்டாம். வாரன்ட்டிக்குள் ஈரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதை எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்யுங்கள். தண்ணீர் தாங்கும் என்று போட்டிருக்கிற அந்தப் பெட்டியின் படத்தையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.